மடித்துக் கட்டிய முண்டும் மூடிய செயினும்

(திருவனந்தபுரத்தில் தமிழன்பர்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு. அச்சுக்காகச் சிறிது செப்பம் செய்யப்பட்டது.)



அன்றாடம் சைக்கிளில் போய்வருகிறவர் எதை உடுத்துவது என்பதுதான் இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். மேடையேறிப் பேசுகிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நிறையவே இருக்கிறது. திருவிதாங்கூரில் யார் எதை உடுத்தலாம், யார் எந்தச் சாலையில் போகலாம் என்ற இரண்டு கேள்விகளுக்காக மனிதர்கள் அடிபட்டிருக்கிறார்கள், திருப்பி அடித்திருக்கிறார்கள். வெள்ளயம்பலம் சந்திப்பில் நிற்கிற அய்யன்காளியின் சிலை அந்தக் கதையைத்தான் சொல்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். இந்த ஊரில் சைக்கிள் மிதிக்கத் தனி உடுப்பு எதுவும் வேண்டியதில்லை. இங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டரில் இருக்கிற பாலராமபுரத்தில் நெய்கிறார்களே, அந்த மெல்லிய பருத்தி முண்டு போதும். போதாமல் போயிருப்பது சைக்கிள்தான். இன்று கடைகளில் வரிசையாக நிறுத்தியிருக்கிற சைக்கிள்களில் பெரும்பாலானவை முண்டு உடுத்தவரையோ சேலை உடுத்தவரையோ மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. மாற வேண்டியது அந்தச் சைக்கிள்.

முதலில் கம்பளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சைக்கிளுக்கு எந்தத் துணி ஏற்றது என்ற யோசனை ஐரோப்பாவில் கம்பளியில்தான் தொடங்கியது. 1880களில் குஸ்தாவ் யேகர் என்ற ஜெர்மானியர், மனிதன் உடம்பை ஒட்டி உடுத்துவது விலங்கு ரோமத்தால் ஆன துணியாகவே இருக்க வேண்டும் என்று தீவிரமாகப் பிரசாரம் செய்தார். 1884ல் அவர் பெயரிலேயே லண்டனில் ஒரு கடை வந்தது. நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா அந்தக் கம்பளி உடுப்பை விடாமல் அணிந்தவர்; சைக்கிளிலும் பெரும் பற்றுள்ளவர். 1903ல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலும் பல பத்தாண்டுகள் வீரர்கள் கம்பளிச் சட்டையில்தான் ஓட்டினார்கள். அப்புறம் செயற்கை இழை வந்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. இப்போது குளிர்நாடுகளில் பலர் பளபளக்கும் இறுக்கமான பந்தய உடுப்பை வெறுத்து, தாத்தா காலத்துக் கம்பளிக் கோட்டையும் காலுறையையும் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குச் சைக்கிளில் போகிறார்கள். 2009 முதல் லண்டனில் ட்வீட் உடுத்தியவர்கள் ஒன்றாகச் சேர்ந்து சைக்கிளில் ஊர்வலம் போகிற வழக்கமும் வந்திருக்கிறது.

அவர்கள் செய்வது சரி. அதற்குக் காரணம் இழையிலேயே இருக்கிறது. நெசவுத் தொழிலில் ஓர் அளவை உண்டு. 20 டிகிரி வெப்பம், 65 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறையில் ஓர் இழை தன் எடையில் எவ்வளவு ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்று பார்ப்பார்கள். கம்பளி ஏறக்குறைய 16 விழுக்காடு பிடிக்கும். பருத்தி எட்டரை. பாலியெஸ்டர் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. கம்பளி ஈரத்தை உள்ளே இழுக்கும்போது கொஞ்சம் வெப்பத்தை வெளிவிடும். அதன் இழை சுருண்டு சுருண்டு இருப்பதால் இடையில் காற்று தங்கும். நனைந்தாலும் குளிர் உடனே உடம்பில் ஏறாது. வியர்வை நாற்றமும் அதில் எளிதில் தங்காது. தூறலும் குளிர்காற்றுமாக இருக்கிற ஸ்காட்லாந்தில் இதைவிட நல்ல துணி கிடையாது.

அந்த ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் நெய்கிற ஹாரிஸ் ட்வீடுக்கு ஒரு சட்டமே இருக்கிறது. 1993ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றியது. அந்தத் தீவுவாசிகள் தங்கள் வீட்டில் கையால் நெய்ததாக இருந்தால்தான் அந்தப் பெயரைச் சொல்லி விற்கலாம். அங்கே இப்போதிருக்கிற அகலத் தறிகளை நெசவாளர் உட்கார்ந்து சைக்கிள் பெடலைப்போலவே காலால் மிதித்து ஓட்டுகிறார். துணியும் மிதியில் பிறக்கிறது, அதை உடுத்துகிறவரும் மிதித்துப் போகிறார். இந்தச் செய்தியை அறிந்தபோது எனக்கு உடனே பாலராமபுரத்து நெசவாளர்களான சாலியர்களின் தெருவில் இருக்கிற குழித்தறிதான் நினைவுக்கு வந்தது.

அந்தத் தீவுக்காரர்களிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கம்பளியை அல்ல. தங்கள் வானிலைக்குத் தங்கள் கைகள் நெய்கிற துணியை அன்றாட உழைப்புக்கு உடுத்துகிறார்களே, அந்தத் தெளிவை. நம் நாட்டிலும் கம்பளிக்கு உரிய இடங்கள் உண்டு. ஊட்டியில் விடியற்காலையில் சைக்கிள் எடுக்கிறவர் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளட்டும். திருவனந்தபுரத்தில் கம்பளியின் ஒவ்வொரு நற்குணமும் தொல்லையாக மாறிவிடும்.

நம் ஊர் எப்படிப்பட்டது? வருஷம் முழுக்க வெப்பம் பெரிதாக ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ஆனால் காற்றில் ஈரம் எப்போதும் நிறைந்திருக்கும். ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம் என்று இரண்டு மழைக்காலம். தரை சமமாக இல்லை. தம்பானூரிலிருந்து ஸ்டாச்சு வரை ஏறுவது எத்தனை மூச்சு வாங்கும் என்று மிதித்தவர்களுக்குத் தெரியும். சைக்கிள் மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது. மற்றதெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்புக்கு இருக்கிற பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். சொட்டுச் சொட்டாக வழிந்து தரையில் விழுந்தால் பயன் இல்லை. காற்றிலேயே ஈரம் மிகுந்த ஊரில் வியர்வை ஆவியாவதற்கு ஒரே துணை, தோலின்மேல் காற்று ஓடிக்கொண்டே இருப்பது. ஆகவே இந்த ஊரில் உடுப்பைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு ஈரத்தை அது உறிஞ்சும் என்பதல்ல. எவ்வளவு காற்றை உள்ளே விடும் என்பது.

இதற்கு வேறொரு தேசத்திலிருந்து ஒரு சான்று சொல்கிறேன். பாலைவனத்தில் வாழ்கிற பெதுவின் மக்கள் கொளுத்தும் வெயிலில் ஏன் கறுப்பு அங்கி உடுத்துகிறார்கள் என்று நான்கு விஞ்ஞானிகள் ஆராய்ந்து 1980ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிகமாக வெயிலை வாங்கத்தான் செய்தது. ஆனால் அந்தக் கூடுதல் வெப்பம் தோலுக்கு வந்து சேரவில்லை. அங்கி உடம்போடு ஒட்டாமல் தொளதொளவென்று இருந்ததால், உள்ளே காற்று ஓடி வெப்பத்தை வெளியே கொண்டுபோய்விட்டது. நிறத்தைவிடத் தொங்கல்தான் பெரிய விஷயம் என்று தெரிந்தது. முண்டு வெள்ளையாகவும் இருக்கிறது, தொங்கலாகவும் இருக்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு எதிர்காற்று தானாகவே கிடைக்கிறது. மடித்துக் கட்டிய முண்டின் கீழ் முழங்கால் அசையும் ஒவ்வொரு முறையும் உள்ளே காற்று போய் வருகிறது. ஜீன்ஸில் இது நடக்காது. பந்தயக்காரர்கள் போடுகிற இறுக்கமான நிக்கரில், தோலை ஒட்டிய துணி வழியாக நேரே ஆவியாகும் என்பது உண்மைதான். ஆனால் அதோடு அலுவலகத்துக்குள் நுழைய முடியாது. போய் மாற்ற வேண்டும். மாற்றுடை, பை, குளியலறை என்று ஒரு சாதாரணக் காரியம் பெரிய ஏற்பாடாகிவிடுகிறது. சைக்கிளை மக்கள் கைவிட்டதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

பருத்தியின் குறையையும் மறைக்கக் கூடாது. நனைந்த பருத்தி தோலோடு ஒட்டும், மெதுவாகத்தான் காயும். முண்டைவிடச் சட்டையில்தான் இது தொல்லை. ஆகவே சட்டை தொளதொளப்பான அரைக்கைச் சட்டையாக, வெளியே விட்டதாக இருக்கட்டும். முண்டு கனமான மில் துணியாக இருந்தாலும் இதே தொல்லை வரும். அதனால்தான் பாலராமபுரத்தின் மெல்லிய நெசவைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அந்த ஊரின் வரலாறு தமிழர்களாகிய நமக்கு நெருக்கமானது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட அவிட்டம் திருநாள் பாலராம வர்மாவின் காலத்தில், திவான் உம்மிணித்தம்பியின் முயற்சியால், தெற்கே தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களைக் கொண்டுவந்து அரச குடும்பத்துக்குத் துணி நெய்யக் குடியமர்த்தினார்கள். ஊருக்கு மன்னரின் பெயரே வந்தது. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தெருக்களில் வீட்டுக்குள் தமிழ் கேட்கிறது. 'பாலராமபுரம் சேலைகளும் மெல்லிய பருத்தித் துணிகளும்' என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

அங்கே நெய்வது குழித்தறியில். நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, குழிக்குள் இருக்கிற மிதிகட்டைகளைக் காலால் மாற்றி மாற்றி அழுத்துகிறார். நாடாவைக் கையாலேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எறிந்து பிடிக்கிறார். வேகம் குறைவு. ஆனால் ஊடை இழை ஒவ்வொன்றிலும் கையின் அளவு இருக்கும்; துணியின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். நூறாம் நம்பர் நூல், அதற்கும் மெல்லிய நூல் என்று ஓட்டுகிறார்கள். நூறாம் நம்பர் என்றால் எவ்வளவு மெல்லியது? ஒரு பவுண்டு நூலை நீட்டினால் 84,000 கஜம், ஏறக்குறைய 77 கிலோமீட்டர். இங்கிருந்து இழுத்தால் நாகர்கோவிலைத் தாண்டிப் போகும். அந்த நூலுக்குத் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுவதை விடியற்காலையில் போனால் பார்க்கலாம். தெருநீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் பலர் சேர்ந்து தூரிகையால் கஞ்சியை இழைக்கு இழை ஏற்றுகிறார்கள். கஞ்சி கூடினால் நூல் முறியும், குறைந்தால் தறியில் அறும். மழை வந்தால் அன்றைய வேலை போயிற்று. இந்த உழைப்பில் வருகிற துணிக்கு விசைத்தறித் துணி ஈடாகாது. ஆனால் விசைத்தறித் துணியையே பாலராமபுரம் என்று பெயர் சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். தறிகள் குறைந்துவிட்டன. பிள்ளைகள் தொழிலுக்கு வருவதில்லை. ஓணத்துக்கும் விஷுவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வாங்கினால் ஒரு தொழில் எப்படி நிற்கும்? அன்றாடம் உடுத்துகிறவர்கள் வேண்டும். அன்றாடம் உடுத்தி, வியர்வையில் நனைத்து, துவைத்து, தேய்ந்துபோனதும் அடுத்ததை வாங்குகிறவர்கள் வேண்டும்.

சைக்கிளுக்குக் கசவு முண்டு வேண்டாம். ஜரிகை ஓரம் பெடலில் உரசி வீணாகும். நிறக் கரை போட்ட நாலு முழ ஒற்றை முண்டு சரியானது. எட்டு முழம் உடுத்திப் பழகியவர்கள் அதையே மடித்துக் கட்டலாம். ஆனால் இரண்டு அடுக்கில் காற்று குறையும், மழையில் கனம் கூடும். கஞ்சி மிக மெல்லியதாக இருக்கட்டும். மொடமொடவென்று கஞ்சி போட்ட முண்டு ஏறி உட்காரும்போது மடிப்பில் கிழிவதுண்டு. சுத்தமாகக் கஞ்சி இல்லாவிட்டால் துவண்டு காலோடு ஒட்டும். உள்ளே முழங்காலுக்கு மேல் நிற்கிற ஒரு பருத்தி டவுசர் அவசியம். தொடை உரசாது, மனதுக்கும் நிம்மதி. முண்டை இடுப்பில் இறுக்கிச் செருகி, கீழ்விளிம்பைத் தூக்கி முழங்காலுக்குச் சற்று மேலே மடித்துக் கட்ட வேண்டும். இரண்டு நுனியும் முன்பக்கம் நடுவில் வரட்டும்; வலப்பக்கம் தொங்கினால் செயின் பக்கம் போகும். இடுப்புப் பட்டை பழக்கமுள்ளவர்கள் கட்டிக்கொள்ளலாம். இப்போது வெல்க்ரோ வைத்துத் தைத்த வேட்டியும் கிடைக்கிறது, அதில் குற்றம் ஒன்றும் இல்லை. போய்ச் சேர்ந்ததும் மடிப்பை அவிழ்த்துவிட்டால் நீங்கள் அலுவலகத்துக்கோ கோயிலுக்கோ நூலகத்துக்கோ போகத் தயார். மாற்றுடை வேண்டாம். பத்மநாபசுவாமி கோயிலுக்குள் பேண்ட் போட்டுப் போக முடியாதென்று வாசலில் முண்டை வாடகைக்கு எடுத்துச் சுற்றிக்கொள்கிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். முண்டிலேயே வந்தவருக்கு அந்த வேலை இல்லை.

வயலிலும் தோப்பிலும் பாடுபட்ட நம் முன்னோர் தார்ப்பாய்ச்சிக் கட்டினார்கள். கால்கள் இரண்டும் தனித்தனியாக அசைய அதைவிட உறுதியான கட்டு இல்லை. இளைஞர்கள் அதைக் கற்றுக்கொண்டால் மகிழ்வேன். ஆனால் அன்றாடத்துக்கு மடித்துக் கட்டுவதே போதும்.

மழையைப் பற்றி ஒரு சொல். முழுக் கோட்டு போட்டுக்கொண்டு இடவப்பாதியில் மிதித்தால் வெளியிலிருந்து நனைவதைவிட உள்ளிருந்து நனைவோம். தோளிலிருந்து ஹேண்டில்பார் வரை விரிகிற, அடிப்பக்கம் திறந்த மழைத்துணிதான் நல்லது. கால் நனையட்டும். மடித்துக் கட்டிய முண்டின் ஓரம் நனைந்தால் நிழலில் காற்று பட்டாலே காய்ந்துவிடும். நனைந்த ஜீன்ஸ் மாலை வரை காயாது.

இனி சைக்கிள். எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிற பகுதி இது.

1949ல் சென்னைக்கு அருகே அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1951ல் சோனிப்பட்டில் அட்லஸ், 1956ல் லூதியானாவில் ஹீரோ என்று நம் நாட்டில் சைக்கிள் ஆலைகள் எழுந்த காலத்தில், அவை செய்த பெரிய சைக்கிளின் அமைப்பு இங்கிலாந்திலிருந்து வந்தது. அந்த அமைப்பு அலுவலக உடையில் போகிற மனிதருக்காக உருவானது. 28 அங்குலச் சக்கரம். நிமிர்ந்து உட்காருகிற சீட். அகலமான மட்கார்டு. பின்னால் கேரியர், கீழே ஸ்டாண்டு. செயினை மூடுகிற தகரக் கவர். இங்கே வந்தபோது அது வேட்டிக்கும் முண்டுக்கும் அப்படியே பொருந்திவிட்டது. ஆசிரியர்கள், தபால்காரர்கள், கணக்குப்பிள்ளைகள், பால்காரர்கள் என்று இரண்டு தலைமுறை அதில் முண்டோடும் வேட்டியோடும் போய்வந்தது. தும்பாவில் ராக்கெட்டின் கூம்பைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிப்போவதை 1966ல் ஆன்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. இந்த மாநகரின் விண்வெளி வேலையையும் ஒரு காலத்தில் சைக்கிள் சுமந்தது.

இன்று கடைக்குப் போனால் பல கியர் போட்ட, மலைப்பாதைச் சைக்கிள்போலத் தோற்றம் தருகிற வண்டியைத்தான் முதலில் காட்டுகிறார்கள். செயின் திறந்து கிடக்கிறது. மட்கார்டு இல்லை அல்லது பெயருக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. கேரியர் தனிக் காசு. முதுகை வளைத்து உட்கார வேண்டியிருப்பதால் முண்டு பின்னால் இழுபடுகிறது. இதில் வெள்ளை முண்டோடு ஒரு மழைநாளில் கரமனையிலிருந்து பாளையம் வரை போனால் முதுகில் சேற்றுக் கோடு, ஓரத்தில் கறுப்பு எண்ணெய். ஒருமுறை இப்படி ஆனவர் அடுத்த நாள் ஸ்கூட்டர் எடுத்துவிடுகிறார். குற்றம் முண்டின்மேல் போகிறது. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வண்டியைத்தான் உடுப்புக்கு ஏற்பச் செய்ய வேண்டும் என்பது ஆசைப்பேச்சு அல்ல, இந்த நாட்டின் சட்டமே அப்படிச் சொல்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதியைப் பாருங்கள். பின்னால் ஆள் உட்காரும் மோட்டார் சைக்கிளில், அவர் உடுத்திய துணி சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடுகிற காப்பு இருந்தே தீர வேண்டும். நாம் 'சேலை கார்டு' என்கிறோமே, அதுதான். சேலை உடுத்தாதே என்று சட்டம் சொல்லவில்லை. சக்கரத்தை மூடு என்று சொல்கிறது. எவ்வளவு நல்ல அறிவு அது! ஹாலந்து நாட்டில் சாதாரணச் சைக்கிளிலேயே கோட்டு சிக்காமலிருக்கப் பின்சக்கரத்துக்குத் துணிக்காப்பும் செயினுக்கு முழுக் கவரும் போடுவது நெடுநாள் பழக்கம். மோட்டார் சைக்கிளுக்குச் சட்டம் கேட்பதை நம் சைக்கிள் ஆலைகள் தாமாகவே செய்யக் கூடாதா?

பெண்களைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முடியாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். சேலையோடும் தாவணியோடும் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே நேரில் போய் எழுதியிருக்கிறார். அதில் எனக்குப் பிடித்த செய்தி, பெண்களில் பலர் நடுவில் பார் உள்ள ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள் என்பது. அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்! எந்தச் சைக்கிள் தங்கள் வாழ்க்கைக்கு உதவும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் ஊரிலும் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுத்தரும் முயற்சிகள் நடக்கின்றன. அந்த வகுப்புகளுக்கு முண்டும் நேரியதும் உடுத்திய அம்மாக்களும் வர வேண்டும் என்று விரும்புகிறேன். சேலையின் முந்தானையை இடுப்பைச் சுற்றி இறுக்கிச் செருகாமல் சைக்கிளில் ஏறவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க முடியாது. உயிர் போன சம்பவங்கள் உண்டு.

இனி அய்யன்காளி. பாலராமபுரத்துக்குப் பக்கத்தில் வெங்ஙானூரில் பிறந்தவர். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த அவர் சாதியினர் பொதுச்சாலையில் நடக்கக் கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி இறக்கக் கூடாது, மேலே துணி போடக் கூடாது என்றிருந்த காலம். 1893ல் அவர் ஒரு வில்லுவண்டி வாங்கினார். வெள்ளை முண்டும் மேல்துணியும் உடுத்து, தலைப்பாகை கட்டிக்கொண்டு, அந்த வண்டியில் ஏறி, தடுக்கப்பட்ட பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். பின்னர் அவர் தலைமையில் பாலராமபுரத்தில் நடந்த பயணத்தின்போது எழுந்த மோதலைச் சாலியர் தெருக் கலகம் என்று வரலாற்றில் குறிக்கிறார்கள். நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த அதே தெரு. அதை மறைத்துவிட்டு அந்தத் துணியின் பெருமையைப் பேசுவது நேர்மை ஆகாது. அவருக்கு முன்பே தோள்சீலைக்காகத் தென் திருவிதாங்கூர் நாடார் பெண்கள் பல ஆண்டுகள் போராடி, 1859ல் உரிமை பெற்றார்கள். தமிழ்நாட்டிலும் சில ஊர்களில் தலித் மக்கள் மேல்சாதித் தெருவில் சைக்கிளை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கொடுமை இருந்தது. மடித்துக் கட்டியதை யார் முன்னால் அவிழ்த்துவிட வேண்டும் என்பதிலும் இதே மேல்கீழ்தான் ஒளிந்திருந்தது. வெள்ளை முண்டு உடுத்து, இறங்காமல், தலை நிமிர்ந்து பொதுச்சாலையில் போவது யாரோ அடிபட்டு வாங்கிக்கொடுத்த உரிமை. வெள்ளயம்பலத்தில் 1980ல் இந்திரா காந்தி திறந்துவைத்த அந்தச் சிலையைச் சுற்றிச் சைக்கிளில் போகும்போது இதை நான் நினைக்காமல் இருப்பதில்லை.

உடுப்பைப் பார்த்து வாசலில் நிறுத்துவது எல்லா நாட்டிலும் உண்டு. 1898 அக்டோபரில் இங்கிலாந்தின் ஆக்கம் என்ற ஊரில், சைக்கிளில் வந்த ஹார்பர்டன் சீமாட்டி பாவாடைக்குப் பதில் கால்சட்டைபோன்ற உடுப்பு அணிந்திருந்தார் என்பதற்காக அவருக்கு ஒரு விடுதியின் காபி அறையில் இடம் மறுத்தார்கள். வழக்கு அடுத்த ஆண்டு நீதிமன்றம்வரை போயிற்று. 2014 ஜூலையில் சென்னையில் ஓர் உயர்நீதிமன்ற நீதிபதியையே வேட்டி உடுத்தியதற்காக ஒரு கிளப்புக்குள் விடவில்லை. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் அப்படித் தடுப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. கேரளத்தில் முண்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. இங்கே அமைச்சர்களே முண்டு உடுத்துகிறார்கள். ஆனால் முண்டு உடுத்திச் சைக்கிளில் வருகிறவரை வாசல் காவலர் பார்க்கிற பார்வை வேறு. காரில் முண்டு உடுத்தி வருகிறவரைப் பார்க்கிற பார்வை வேறு. அது மாற வேண்டும். அதை மாற்றச் சட்டம் உதவாது. வருகிறவர்களின் எண்ணிக்கைதான் உதவும்.

இந்த அரங்கில் அரசு அலுவலர்கள் இருக்கிறீர்கள், டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிற இளைஞர்கள் இருக்கிறீர்கள், சாலைக் கடைத்தெருவில் தலைமுறையாக வியாபாரம் செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் வேண்டிக்கொள்கிறேன். வேலையிடம் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் இருந்தால் வாரத்தில் ஒரு நாளாவது முண்டு உடுத்திச் சைக்கிளில் போங்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுங்கள், அதில் இழிவு இல்லை. முண்டு வாங்கும்போது பாலராமபுரத்துக்கே போய், கைத்தறி முத்திரை பார்த்து, நெசவாளர் சங்கக் கடையில் வாங்குங்கள். சைக்கிள் வாங்கும்போது செயின் கவரும் முழு மட்கார்டும் சேலை கார்டும் இல்லாத வண்டியை வேண்டாம் என்று சொல்லித் திரும்பி வாருங்கள். ஒருவர் சொன்னால் கடைக்காரர் சிரிப்பார். நூறு பேர் சொன்னால் ஆலைக்கு எழுதுவார். அலுவலகங்களிலும் கடைகளிலும் பொறுப்பில் இருப்பவர்கள் சைக்கிள் நிறுத்த மழை படாத ஓர் இடமும், கைகால் கழுவ ஒரு குழாயும் ஏற்பாடு செய்யுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.